இரண்டு விரல் நூல்

கனடாவுக்குப் போய் மரம் வெட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. வெட்டினது மட்டுமில்லை, ஒரு மரத்தைப் பிழைக்கவும் வைத்தேன் என்றால் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். சிரிக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி போடுகிறவன். பெயர் ஏகாம்பரம். புடவை நெய்வதைவிடப் பாவு பிணைப்பதில்தான் எனக்குப் பேர். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவு முடிந்து அடுத்ததை ஏற்றும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முடிச்சுப் போடக் கூடாது. விரலில் துளி சாம்பல் தொட்டுக்கொண்டு முறுக்கியே ஒன்றாக்க வேண்டும். நான் பிணைத்த பாவில் இழை விட்டுப்போனது என்று இதுவரை ஒருவரும் என் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஜனவரியில் தங்கை மலர் போன் செய்தாள். அவளும் அவள் புருஷன் பிரபுவும் நோவா ஸ்கோஷியாவில் இருக்கிறார்கள். கனடாவின் கிழக்கு ஓரம், கடல் பக்கம். பிரபு பால் லாரி ஓட்டுகிறார். ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார்கள், கூடவே பத்தொன்பது ஆப்பிள் மரங்கள்.

"அவரு பனியில வழுக்கி வுழுந்து கணுக்கால் உடஞ்சிட்சுணா. மரமெல்லாம் கவாத்து பண்ணணும். மூணு வருஷமா யாரும் தொடல. நீ வந்து ஒரு நாலு மாசம் இருந்துட்டுப் போயேன்."

"கவாத்துன்னா போலீஸ் கிரவுண்டுல பண்றதாச்சே. மரம் எப்படி பண்ணும்?"

"கிண்டல் பண்ணாத. குளிர்காலத்துல மரம் தூங்கிக்கினு இருக்கும்போதே வேண்டாத கிளையை வெட்டி வுடணும். அதுக்கும் கவாத்துன்னுதான் பேரு."

எங்கள் ஊர் மரத்துக்குப் பேர் போன ஊர். ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரம், திருப்பருத்திக்குன்றத்தில் குரா மரம். என் பெயரே ஒற்றை மாமரத்துச் சாமியின் பெயர். ஆனால் நான் ஒரு மரத்தின் இலையைக்கூடக் கிள்ளியதில்லை. தயங்கினேன். என் மனைவி தேவகிதான், "தறியை நான் பாத்துக்கறேன். அவ வாய்விட்டுக் கேட்டு நீங்க போவலன்னா நல்லா இருக்காது" என்றாள். கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். மலரே கார் ஓட்டினாள். காஞ்சிபுரத்தில் சைக்கிளில் போய் இரண்டு தடவை கோயில் சுவரில் மோதியவள் அவள். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது கார் தானாக ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக, அவசரமே இல்லாமல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. சுற்றிலும் வெள்ளை. எங்கள் ஊரில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்தாலே இருபது பேர் வந்துவிடுவார்கள், அதில் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். இங்கே காக்காய்கூட இல்லை.

கால் மணி நேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்தது. அதிலிருந்து குதித்தது ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். சங்கிலியைப் போட்டுக் காரை வெளியே இழுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பக்கத்துத் தோட்டக்காரி, பெயர் ஹெதர். நாலு தலைமுறை ஆப்பிள் குடும்பம் என்று மலர் சொன்னாள். என் பெயரை மூன்று தடவை முயன்றுபார்த்துவிட்டு "மிஸ்டர் பரம்" என்று வைத்துக்கொண்டாள். எனக்குக் கத்திரி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள் அவள்தான் என்று அப்போது தெரியாது.

மறுநாள் காலையில் மரங்களைப் பார்த்தேன். இலை இல்லை, பழம் இல்லை, எலும்பும் முட்டியுமாக நின்றன. இதில் எது உயிரோடு இருக்கிறது என்று கேட்டேன். எல்லாமே என்றாள் மலர். சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு கிழட்டு மரம். அதைக் காட்டி, "எதை வேணா வெட்டு. இத மட்டும் பாத்துணா" என்றாள்.

இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. பிரபு விடியற்காலையில் லாரிக்குப் போய்விடுவார். அவள் ஜன்னலில் நின்று அந்த மரத்தோடு பேசிக்கொண்டிருப்பாளாம். அதன் பழம் பல் கூசுகிற புளிப்பு. யாருக்கும் பிடிக்காது. மலர் அதைத் துருவி, மிளகாய்த்தூளும் வெந்தயமும் போட்டுத் தொக்கு கிளறிவிடுவாள். மாங்காய்த் தொக்கு இல்லாத குறையே தெரியவில்லை என்று பிரபு சொன்னார். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், உண்மைதான்.

ஹெதர் முதல் நாள் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். மலர் மொழிபெயர்த்தாள். செத்த கிளை முதலில். பிறகு ஒன்றோடொன்று உரசுகிற கிளை. பிறகு வானத்தைப் பார்த்து நேராக ஓடுகிற இளங்குச்சிகள், அதாவது விளார்கள். நடுவில் வெளிச்சம் இறங்க வேண்டும். அவளுக்கு அவள் தோட்டத்தில் வேலை, போய்விட்டாள். நான் ஏணி, ரம்பம், கத்திரியோடு இரண்டு நாளில் நாலு மரத்தை முடித்தேன். மூன்று ஸ்வெட்டர், ஒரு குல்லா, அதற்கு மேல் தேவகி கொடுத்தனுப்பிய மஃப்ளர். நல்ல வேலை செய்துவிட்டோம் என்ற திமிரோடு நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஹெதர் வந்தாள். மரத்தைச் சுற்றி வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார் கோட்டு மாட்டுவதற்கு இத்தனை முளை அடித்து வைத்திருக்கிறீர்கள்?"

ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு விரல் நீளத்துக்குக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல. நான் வேண்டுமென்று விடவில்லை. என் கை விட்டிருக்கிறது. தறிக்காரன் எதை வெட்டினாலும் இரண்டு விரல் நூல் விட்டுத்தான் வெட்டுவான். ஒட்ட வெட்டிவிட்டால் அடுத்த பாவை எதோடு பிணைப்பது?

இதை மலர் எடுத்துச் சொன்னாள். ஹெதர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு ஒரு கிளையின் அடியில் தோல் சுருங்கி வளையம் போல் இருந்த இடத்தைக் காட்டினாள்.

"இங்கே வெட்டுங்கள். இந்த வளையத்தைத் தொடாமல், அதை ஒட்டி. மரமே தோலை இழுத்து மூடிக்கொள்ளும். கட்டை விட்டால் அது காயும், அழுகும், அழுகல் உள்ளே இறங்கும். திரும்ப வந்து இதோடு யாரும் எதையும் பிணைக்கப் போவதில்லை, மிஸ்டர் பரம்."

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷம் கையில் ஏறினதை ஒரு சின்னப் பெண் தப்பு என்கிறாள். "இந்த ஊரு மரத்துக்கு நம்ம கை ஒத்துவராது, வுடு" என்று மலரைப் பார்த்து முறைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு டம்ளர் காபி குடித்த பிறகு கோபம் போய் வெட்கம் வந்தது. வெளியே போய் நாலு மரத்தையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நூற்றுக்கும் மேல் முளைகள். ஒவ்வொன்றிலும் கையைப் பிடித்து இழுத்து வளையத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐந்தாவது மரத்தில் கை கொஞ்சம் சொன்னபடி கேட்டது. எட்டாவதில் நான் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு விஷயத்தில் நான் அவளை அசத்தினேன். பூ மொட்டு எது, இலை மொட்டு எது என்று பார்த்து வெட்ட வேண்டும். பூ மொட்டு கொஞ்சம் குண்டு, மேலே பூனை ரோமம் போல ஒன்று. இலை மொட்டு ஒல்லி, குச்சியோடு படுத்திருக்கும். ஹெதர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவிச் சொல்லிவிடுவேன். பட்டில் ரெண்டு இழையா மூணு இழையா என்று தொட்டே சொல்கிற விரலுக்கு இது பெரிய காரியமா? அவள் என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பத்துக் குச்சி கொடுத்துப் பார்த்தாள். பத்தும் சரி. அன்றிலிருந்து அவள் தோட்டத்து ஆட்களிடமும் என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஊரில் ஒரே ஒரு காபிக் கடை. ஞாயிற்றுக்கிழமை மலர் கூட்டிப்போனாள். பக்கத்து மேஜையில் தொப்பி போட்ட இரண்டு கிழவர்கள். மலர் காதோடு மொழிபெயர்த்தாள்.

"பால்காரன் வீட்டில் மரம் வெட்டுவது அவர்தானாம். ஒரு மரத்துக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறாராம்."

"ஒரு நாளா? நீ ஒரு மரத்துக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வாய். அதனால்தான் உன் மரம் எல்லாம் துடைப்பம் மாதிரி இருக்கிறது."

அன்று காபிக்குச் சர்க்கரை போட மறந்தே குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெதர் ஒருநாள் பாத்திரத்தோடு வந்தாள். மீனைப் பாலில் போட்டுக் காய்ச்சியிருந்தாள், உருளைக்கிழங்கோடு. மீனும் பாலும் சேரவே கூடாது என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மரியாதைக்கு ஒரு வாய் எடுத்தேன். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். தேவகிக்கு இதுவரை சொல்லவில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பதிலுக்கு மலர் கோயில் இட்லி செய்தாள். மிளகு, சுக்கு, சீரகம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை மூங்கில் குடலையில் வேகவைக்காமல் ஸ்டீல் டம்ளரில் வேகவைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு டம்ளர் இட்லியா? வெட்டிப்போட்ட விளார்களில் நீளமாக, நேராக, போன வருஷம் வளர்ந்தவையாகப் பார்த்துப் பொறுக்கினேன். அதில் ஒரு குடலை பின்னிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவது என்று முடிவு. காய்ந்தால் ஒடியும். அதனால் அடியெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கி, நூலால் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, வீட்டுக்கு அடியிலிருந்த மண் அறையில் போட்டேன். அந்த அறை எந்நேரமும் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். வாரம் ஒரு தடவை தண்ணீர் தெளித்தேன்.

"குப்பையை எதுக்கு மச்சான் குளிப்பாட்டறீங்க?" என்று பிரபு கேட்டார். எல்லாரும் வெட்டின குச்சியைக் குவித்து எரித்துவிடுவார்களாம்.

"கழிவு நூலைக்கூடக் கண்டு சுத்தி வெக்கிறவங்க மாப்ளே நாங்க."

பிப்ரவரி கடைசியில் பத்தொன்பது மரமும் முடிந்தது. ஜன்னல் மரத்தைக் கடைசியாகச் செய்தேன். அதற்கு மட்டும் மூன்று நாள். ரேடியோவில் பெரிய பனி வரப்போகிறது என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஊதல் காற்று அடித்தால் தறியில் இருக்கும் பாவை வேட்டியால் போர்த்திவிட்டுத்தான் படுப்போம். கொட்டகையில் வைக்கோல் இருந்தது. அதை அள்ளிக்கொண்டு வந்து, கிழட்டு மரத்தின் அடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நெருக்கமாக அணைத்துக் கட்டினேன். குளிராமல் இருக்கட்டும் என்று. மறுநாள் பனி விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. நானும் நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்து மறந்துபோனேன்.

ஏப்ரல் கடைசியில் பனி கரைந்து, மொட்டுகளில் பச்சை எட்டிப்பார்த்தது. நான் வைக்கோலைப் பிரித்தேன். உள்ளிருந்து இரண்டு சுண்டெலிகள் ஓடின.

மரத்தின் அடியில் பட்டை இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு, சுற்றிவர, வெள்ளை வெளேரென்று கட்டை. குளிர்காலம் முழுக்க எலிகள் என் வைக்கோலில் சூடாகப் படுத்துக்கொண்டு, பட்டையைச் சுரண்டித் தின்றிருக்கின்றன. நான் போட்டுக்கொடுத்த வீடு, நான் காட்டிக்கொடுத்த சாப்பாடு.

பிரபு ஊன்றுகோலோடு வந்து பார்த்தார். "பட்டை சுத்திப் போச்சுன்னா அவ்ளோதான் மச்சான். வேருக்கும் இலைக்கும் இருக்கற ஒட்டு அறுந்துடும். இந்த வருஷம் பூக்கூடப் பூக்கும். அப்புறம் காஞ்சிடும். வுடுங்க, வேற ஒண்ணு வெச்சிக்கலாம்."

மலர் உள்ளே போனாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிற சத்தம் கேட்டது. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டேன்.

நானே நடந்துபோய் ஹெதரைக் கூட்டிவந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "எலி, மரம், என் தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, கத்தியால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். மலரும் வந்து நின்றாள்.

"பாலம் போடலாம். கீழே இருக்கிற பட்டைக்கும் மேலே இருக்கிற பட்டைக்கும் நடுவில் குச்சிகளைச் செருகினால், சாறு அதன் வழியாக ஏறும். அப்பா செய்து ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குத் தூங்குகிற குச்சி வேண்டும். குளிர்காலத்திலேயே வெட்டி, காயாமல், முளைக்காமல் வைத்திருக்க வேண்டும். இப்போது எல்லா மரமும் விழித்துவிட்டது. நாங்கள் வெட்டினதை எரித்துவிட்டோம்."

மலர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் மண் அறைக்குள் இருந்தேன். சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து ஹெதர் காலடியில் பிரித்தேன். அவள் ஒரு குச்சியை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை. மொட்டு கெட்டியாக மூடியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை எதற்காக வைத்திருந்தீர்கள்?"

"இட்லிக்கு" என்றேன். இதை மொழிபெயர்க்க மலருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பட்டை கட்டையை விட்டு இளகிவர இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றாள் ஹெதர். அதுவரை குச்சிகள் மலரின் ஃபிரிட்ஜில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருந்தன. அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் மட்டும் வைக்கக் கூடாதாம், குச்சி கெட்டுவிடுமாம். பத்தொன்பது ஆப்பிள் மரம் உள்ள வீட்டில் ஆப்பிளுக்கு இடமில்லாமல் இரண்டு வாரம் போயிற்று.

மே மாதம் ஒரு காலை, காற்று இல்லாத நாள். ஹெதர் காயத்தின் ஓரத்தைச் சுத்தமாக வெட்டினாள். இடைவெளியை அளந்து, முதல் குச்சியைச் சரியாக அந்த அளவுக்கு நறுக்கி வைத்துப் பார்த்தாள். நின்றாள். தலையை ஆட்டினாள்.

"இல்லை. அளவாக வெட்டக் கூடாது. காற்றில் மரம் ஆடும்போது இழுத்துப் பிடுங்கிவிடும். கொஞ்சம் நீளம் விட்டு, வில் மாதிரி வளைத்து வைக்க வேண்டும்."

"எவ்ளோ வுடணும்னு கேளு" என்றேன் மலரிடம்.

ஹெதர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். முதலில் சிரித்தது மலர். அத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

ஹெதர் ஒரு குச்சியைச் செருகிக் காட்டினாள். இரண்டு முனையையும் ஆப்பு மாதிரி சீவ வேண்டும். பட்டையை லேசாகப் பிளந்து உள்ளே தள்ளி, குண்டூசி அளவு ஆணி அடித்து, உருக்கின மெழுகைப் பூச வேண்டும். அடி கீழே, நுனி மேலே. தலைகீழாக வைத்தால் வேலை செய்யாது. நான் அடியெல்லாம் ஒரு பக்கமாகக் கட்டி வைத்திருந்ததால் அந்தக் குழப்பமே இல்லை. அவள் கை குளிரில் விறைத்திருந்தது, பட்டை கொஞ்சம் கிழிந்துவிட்டது. கத்தியை என்னிடம் கொடுத்தாள்.

மீதி எட்டும் நான் செருகினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தறியில் பிணைக்கிறபோது எப்படிச் சுவாசிப்பேனோ அப்படித்தான் சுவாசித்தேன். முடிச்சில்லாமல் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றுகூடக் கிழியவில்லை. ஹெதர் மெழுகைச் சூடாக வைத்துக்கொண்டு கையில் கொடுத்தபடி இருந்தாள். எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மரத்தைச் சுற்றி ஒன்பது விற்கள் நின்றன.

ஜூன் முதல் வாரம் நான் கிளம்பும்போது மரம் பூத்திருந்தது. சந்தோஷப்பட வேண்டாம், சாகிற மரமும் பூக்கும் என்று பிரபு சொன்னது காதிலேயே இருந்தது. குடலை பின்னக் குச்சி மீதமில்லை. டம்ளர் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்த பிறகு மலர் போன் வந்தாலே முதல் கேள்வி அதுதான். "இலை வாடிச்சா?" ஜூலையில் வாடவில்லை. ஆகஸ்டில் வாடவில்லை. ஆனாலும் அவள் குரலில் இன்னும் நம்பிக்கை வராத ஒரு இழுவை இருந்தது. நானும் மேலே கேட்கவில்லை.

போன மாதம் ஒருநாள், நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைப் பாவில் வைத்தேன். தேவகி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னா பண்றீங்க? ஒட்ட வெட்றீங்களே, நூல் வுடுங்க."

கை கவாத்துக்குப் பழகிவிட்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. வீடியோவில் மலர், அவள் பக்கத்தில் தொப்பியோடு ஹெதர். ஒன்பதில் ஏழு பிடித்துவிட்டது, விரல் கனத்துக்குப் பருத்துவிட்டது, மரம் இனிப் போகாது என்று ஹெதர் சொல்ல மலர் மொழிபெயர்த்தாள். பிடிக்காத இரண்டில் ஒன்று ஹெதர் செருகினது. அதை அவளே ஒப்புக்கொண்டாள், நான் கேட்டுத்தான்.

"அவுங்க தோட்டத்துல பதினோரு மரத்த எலி கடிச்சிருக்குதாம்ணா. அடுத்த வருஷம் மிஸ்டர் பரம் வருவாரான்னு கேக்குறா."

நான் தேவகியைப் பார்த்தேன். அவள் போனுக்குள் எட்டிப்பார்த்து, "தாராளமா வரட்டும். வைக்கோல் இருக்கற இடத்த மட்டும் பூட்டி வெக்கச் சொல்லு" என்றாள்.

மலர் போனை மேஜைப் பக்கம் திருப்பினாள். ஒரு ஜாடி நிறையச் சிவப்பாகத் தொக்கு. விரலால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"இந்த வருஷமும் அதே புளிப்புதாணா" என்றாள்.